பூஸ்ட் அழுத்தம் குறைவு

"பொய் சொல்லுதுங்க அம்மணி," என்றார் ராக்கியண்ணன்.

"எதுங்கண்ணா?"

"இந்தச் சென்சாருதான். மூணாவது மாத்தியாச்சு. இதுவும் பொய் சொல்லுது."

தமயந்தி ஸ்கேனரை வாங்கிப் பார்த்தாள். டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்று போதவில்லை என்று திரையில் ஒரே வரி. பூஸ்ட் அழுத்தம் குறைவு.

ராக்கியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்னவர். வண்டிகளுக்குள் டர்போவும் சென்சாரும் வந்தபின், ஒருநாள் சிங்காநல்லூரில் தமயந்தியின் பட்டறை வாசலில் வந்து நின்றார். "எனக்கு இதெல்லாம் கத்துக் குடுங்க அம்மணி."

அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. இரண்டு வருடம் ஆகிறது.

இப்போது நிற்கும் வண்டி பிரிசில்லா டாக்டருடையது. மாட்டு டாக்டர். வாரத்துக்கு இரண்டு தடவை கோத்தகிரி மலை ஏறுகிறவர். மேட்டில் பாதியில் வண்டி இழுக்கமாட்டேன் என்கிறது. நேற்று ஒரு கொண்டை ஊசி வளைவில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, முதல் கியரில் ஊர்ந்து ஏறியிருக்கிறார்.

"மொத சென்சார் வண்டியோட வந்தது. பழசு, போயிருச்சுன்னு வெச்சுக்கலாம். ரெண்டாவது இலியாஸ் பாய் கடையில வாங்கினது. டூப்ளிகேட்டு. மூணாவது டவுன்ல வாங்கினேன். அதுவும் அதையேதான் சொல்லுது."

"பாய் குடுத்தது டூப்ளிகேட்டுன்னு எப்படித் தெரியும்?"

"போட்டும் வேலை செய்யலையே! அதான் போன வியாழக்கிழமை கடையில வெச்சே நாலு வார்த்தை கேட்டேன். கேள்விப்பட்டிருப்பீங்களே."

"ம்," என்றாள் தமயந்தி. ஸ்கேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த நாலு வார்த்தை தெருவுக்கே தெரியும். காலை பத்து மணி. சுற்றுவட்டார மெக்கானிக்குகள் எல்லாம் பாய் கடைக் கவுண்டரை மொய்க்கும் நேரம். ராக்கியண்ணன் சென்சாரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "அஞ்சு வேளை தொழுதுட்டு இந்தச் சாமானத்தையா பாய் விக்கறீங்க?"

இலியாஸ் பாய் கணக்கு நோட்டைப் பிரித்துக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து பத்து மணிக்கு அந்தக் கவுண்டரில் ஆள் இல்லை.

"மூணு சென்சாரையும் எடுத்துட்டு வாங்கண்ணா."

கொண்டு வந்தார்.

தமயந்தி டிராயரைத் திறந்து, மீட்டர் வைத்த சின்னக் கைப்பம்பை எடுத்தாள். முதல் சென்சாரை வண்டி வயரில் மாட்டி, அதன் வாயில் பம்பின் குழாயைச் செருகினாள்.

"நான் காத்தடிக்கறேன். நீங்க ஸ்கேனரைப் பாருங்க."

அடித்தாள்.

"ஏறுதுங்க."

"எவ்வளவு?"

அவர் சொன்னார். மீட்டரும் அதையே காட்டியது.

இரண்டாவதை மாட்டினாள். பாய் கொடுத்தது. ராக்கியண்ணன் எண்ணைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்றாவதும் அப்படியே.

"மூணும் சரியாத்தானுங்க இருக்குது."

"அப்பப் பொய் சொல்றது யாரு?"

அவர் ஸ்கேனர் திரையை மறுபடி பார்த்தார்.

"அது சொல்றதை ஒரே ஒரு தடவை நம்பிப் பாருங்கண்ணா."

"நம்பினா?"

"நம்பினா எங்க போய்த் தேடுவீங்க?"

ராக்கியண்ணன் பானெட்டுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழுத்தம் குறையுதுன்னா... காத்து வர்ற வழியிலதானுங்க."

தமயந்தி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தாள்.

"டர்போவிலிருந்து வர்ற ஹோஸை அமுக்குங்க."

"கல்லு மாதிரி இருக்குது!"

"இன்டர்கூலரைத் தாண்டி வர்றது?"

அமுக்கினார். விரல் உள்ளே போனது.

டர்போ தள்ளுகிற சூடான காற்றைக் குளிரவைத்து அனுப்பும் பெட்டிதான் இன்டர்கூலர். ஒரு பக்கம் கல்லாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருந்தால், நடுவில் எதுவோ வழியை மறிக்கிறது.

எஞ்சினை நிறுத்தினாள். அவர் கிளாம்பைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றினார். இன்டர்கூலரின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டார்.

விரலை வெளியே எடுக்கவில்லை.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

"துணிங்க."

"எடுங்க."

"என் துணிங்க."

நீலக்கட்டம் போட்ட லுங்கித்துண்டு. எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. குழாயைக் கழற்றினால் உடனே வாயில் துணியைத் திணிக்கவேண்டும், நட்டு போல்ட்டு எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாது. பட்டறையில் இந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான். திணிக்காமல் வேலை செய்கிறவர்களைத் திட்டுகிறவரும் அவர்தான். போன மாதம் இந்த வண்டிக்கு ஹோஸ் மாற்றியபோதும் திணித்தார்.

துணியை எடுக்க மறந்து, அப்படியே ஹோஸை மாட்டினார். கிளாம்பை முறுக்கினார். வண்டியைக் கொடுத்தார்.

வண்டி இழுக்கவில்லை என்ற புகார் அதற்குப் பிறகு வந்ததுதான்.

இப்போது துணியை உருவிவிட்டு ஹோஸை மறுபடி பொருத்தினார். தமயந்தி சாவியை அவர் கையில் கொடுத்தாள். மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தார். மூன்றாவது கியரில் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கே வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

திரும்பி வந்து டாக்டருக்குப் போன் போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அட விடுங்கண்ணே," என்று அந்தப் பக்கம் சிரித்தார் பிரிசில்லா டாக்டர். "நாங்களும் மாட்டு வயித்துல பஞ்சை வெச்சுத் தைச்சுட்டு முழிச்சிருக்கோம். மாடாவது கத்தும், உங்க வண்டி என்ன பண்ணும்?"

"வண்டியும் கத்துச்சுங்க," என்றார் ராக்கியண்ணன். "நான்தான் கேக்கல."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனார். அரைமணி நேரத்தில் வந்துவிட்டார்.

"பாய்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேனுங்க அம்மணி."

"என்ன சொன்னாரு?"

"சரிங்கண்ணான்னாரு. டீ குடிக்கறீங்களான்னு கேட்டாரு."

"கடையில வேற யாரு இருந்தாங்க?"

"யாருமில்லீங்க. மத்தியான நேரமில்ல?"

தமயந்தி ஸ்பானர்களைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை கழுவப் போனார். சோப்பு போட்டுக் கழுவினார். மறுபடியும் சோப்பு போட்டுக் கழுவினார்.

திரும்பி வந்து சொன்னார்: "யாரும் இருக்கமாட்டாங்கன்னு பாத்துத்தான் போனேனுங்க."

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் போறேன்," என்றார்.

"நானும் வர்றேங்கண்ணா."

"நீங்க எதுக்குங்க? தப்புப் பண்ணினவன் நான். கூட்டத்துக்கு முன்னால நிக்கத் துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போற வயசா எனக்கு?"

"வர்றேன்," என்றாள்.

மறுநாள் பத்து மணி. மெக்கானிக்குகள் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தார்கள். ராக்கியண்ணன் அங்கே போனார்.

"எல்லாரும் கொஞ்சம் பாய் கடைக்கு வாங்கப்பா."

"என்னண்ணா, இன்னொரு ரவுண்டா?" என்றான் ஒருவன். டீ கிளாஸோடு எல்லாரும் ஆவலாக வந்தார்கள்.

இலியாஸ் பாய் கவுண்டருக்குப் பின்னால் எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. அதை ராக்கியண்ணன் பார்த்தார்.

"பாய் குடுத்த சென்சார் நல்ல சென்சார்," என்றார் எல்லாரையும் பார்த்து. "குத்தம் என்னுது. ஹோஸ் மாட்டறப்ப என் லுங்கித்துணிய உள்ளயே விட்டுட்டேன்."

"லுங்கி கட்டின டர்போவா?" என்று ஒருவன் கேட்டான். கடையே அதிரச் சிரித்தார்கள். "அண்ணா, வேட்டின்னா இன்னும் கொஞ்சம் பிக்கப்பு இருந்திருக்கும்!"

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"அன்னைக்குத் தொழுகையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கும்..."

அதற்கு மேல் வரவில்லை. கையெடுத்துக் கும்பிடப் போனார். பாய் எட்டி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"வுடுங்கண்ணா," என்றார் பாய். "வேலையப் பாப்போம்."

ஒருவன் மெதுவாக பிரேக் பேடு கேட்டான். இன்னொருவன் ஆயில் ஃபில்டர் கேட்டான். பாய் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார். ராக்கியண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாங்களா அம்மணி?" என்றார்.

தமயந்தி நகரவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார் பாய்.

"ஒண்ணும் வேண்டாம் பாய்."

அவள் குரல் அவளுக்கே கேட்காத மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"போன வியாழக்கிழமை நானும் இங்கதான் நின்னேன். ஃபியூஸ் வாங்க வந்திருந்தேன். இவரு சோதிக்காமப் பேசறாருன்னு எனக்குத் தெரியும். பேசாமப் பின்னால நகந்து போயிட்டேன்."

ராக்கியண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பாய் கையிலிருந்த பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்.

"பாத்தேம்மா," என்றார்.