கன்றுக்கு விட்ட இரண்டு காம்பு

எந்த ராஜா ஆண்ட காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மலைக்கு எந்த ராஜாவும் ஏறியதில்லை. கோடையில் மாடுகள்தான் ஏறும்.

கீழே புல் கருகியதும், அடிவாரத்து ஊர்க்காரர்கள் தங்கள் கறவை மாடுகளைச் சடையனிடம் ஒப்படைப்பார்கள். அவனும் அவன் மனைவி மூக்காயியும் அவற்றை மலை மேல் புல்வெளிக்கு ஓட்டிப்போய், கல் அடுக்கிப் புல் வேய்ந்த கொட்டிலில் தங்கி, மழை பிறந்ததும் இறக்கிக் கொண்டுவருவார்கள். அதற்குக் கூலி என்ன தெரியுமா? பசுவுக்கு நாலு காம்பு அல்லவா? அதில் இரண்டைச் சடையன் கறந்துகொள்ளலாம். அந்தப் பாலில் எடுக்கும் நெய்தான் அவர்களுக்கு வருஷச் சாப்பாடு. மற்ற இரண்டும் கன்றுக்கு. அதை யாரும் தொடக்கூடாது.

அந்தக் கோடையில் வெள்ளச்சி என்ற கைம்பெண் தன் ஒரே பசுவை அனுப்பினாள். பிறந்து சில நாளே ஆன கிடாரிக் கன்று தாயின் பின்னால் தள்ளாடி நடந்தது.

"இந்தக் கன்னுதான் நாளைக்கு எனக்குச் சோறு போடணும் அண்ணே."

"என் உசிரு மாதிரி பாத்துக்கிறேன் தங்கச்சி" என்றான் சடையன். பொய்யாகச் சொல்லவில்லை, பாவம்.

மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து நாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சடையனின் கொட்டிலை விட்டால் ஒதுங்க இடமில்லை. யார் வந்தாலும் அங்கே குளிர்காய நெருப்பு உண்டு, படுக்கப் புல் உண்டு. 'சடையன் கொட்டிலில் யாரும் பசியோடு படுத்ததில்லை' என்று நாலு பேர் சொல்லக் கேட்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

முதலில் ஒரு சாமியார் வந்தார். மூடுபனியில் நனைந்து பல் கிடுகிடுக்க நின்றார். மூக்காயி தங்கள் பால் கலயத்தை எடுக்கப் போனாள்.

"அது நெய்க்கு. அதில கை வைக்காதே" என்று தடுத்தான் சடையன்.

வெள்ளச்சியின் பசுதான் நிறையக் கறக்கும். அதன் மூன்றாவது காம்பைக் கறந்து கொடுத்தான். ஒரு நாள்தானே, கன்று பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தான். சாமியார் கையுயர்த்தி வாழ்த்திவிட்டுப் போனார். சடையனுக்குக் காது குளிர்ந்தது.

இரண்டாவதாக ஒரு மிளகு வியாபாரி வந்தார். கோடை மழை பிடித்துக்கொண்டது. அது விடும்வரை அவரும் விடவில்லை. மூன்றாவது காம்போடு நாலாவதும் போயிற்று. கன்று வெறும் மடியை முட்டி முட்டிப் பார்த்தது.

"கன்னுக்கு வயிறு ஒட்டிப்போச்சு. நம்ம பங்குல குடுத்தா என்ன?" என்றாள் மூக்காயி.

"வந்தவங்களுக்கு இல்லேன்னு சொல்லச் சொல்றியா?" என்று சீறினான் அவன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சீறுகிறவனுக்கு அதெல்லாம் எங்கே கேட்கிறது!

மூன்றாவதாக ஒரு பாணர் வந்தார். வந்தவர் வேர்விட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார். காலையும் மாலையும் கன்றின் பாலைக் குடித்துவிட்டு, யாழை மடியில் வைத்து, மலை மேல் இருக்கும் வள்ளல் சடையன் என்று பாடினார். சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு முடியும்வரை வேலியோரம் கிடந்த கன்றின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

பாணர் மலை இறங்கிப் போன பிறகு பார்த்தான். கன்று எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் ஓடிப்போய்த் தன் பால் கலயத்தை எடுத்து வந்தான். கன்றின் தலையை மடியில் வைத்து ஊட்டினான். பால் கடைவாயில் வழிந்தது. கன்று அவன் மடியிலேயே செத்துப்போயிற்று.

தாய்ப்பசு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றது. அதன் மடி வற்றிவிட்டது.

மழை பிறந்தது. சடையன் மாடுகளை இறக்கினான். அவனுக்கு முன்பே பாணரின் பாட்டு ஊருக்குள் போயிருந்தது. அடிவாரத்தில் மேளத்தோடு காத்திருந்தார்கள். "வள்ளல் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்றார்கள். சடையனுக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளச்சி வந்தாள். தன் பசுவின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கன்னு எங்கண்ணே?"

அவன் எதையும் மறைக்கவில்லை. சாமியாரைச் சொன்னான். வியாபாரியைச் சொன்னான். பாணரைச் சொன்னான். மேளம் நின்றுபோயிற்று.

வெள்ளச்சி அழவில்லை. பொதிமாட்டின் மேல் கட்டியிருந்த அவனுடைய நெய்ப்பானைகளைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நிறைஞ்சுதானே இருக்கு?" என்று கேட்டாள்.

சடையன் ஒரு பானையை அவிழ்த்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. வற்றிய பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்து தங்கள் கன்றின் விலாவைத் தடவிப் பார்த்து ஓட்டிப்போனார்கள். கடைசியில் சடையனும் மூக்காயியும் நெய்ப்பானைகளும்தான் மழையில் நின்றார்கள்.

கேட்டவர்கள் இதைக் கொண்டுபோங்கள்: தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் தானம், வாயில்லாத உயிரின் பங்கை எடுத்துக் கொடுத்தால், யார் எப்படிப் புகழ்ந்து பாடினாலும் அது களவுதான்.