புழுவின் வேகம்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. கேட்டுச் சிரிப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டுக்கு வந்து பார்க்கலாம். கீழே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை, மேலே பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடும் அறை.

அங்கே ஃபரீதாதான் குரு. யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. சீடர் பல் டாக்டர் நாச்சிமுத்து.

டாக்டர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார். முகப்பில் பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபரீதா மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பேரு யாரோ ஒட்டினதுங்க டாக்டர். இது நம்மூர்லயே கூட்டிச் சேர்த்த மெஷின்."

"எப்படிச் சொல்றீங்க?"

"சில்லு மேல வருசம் அச்சடிச்சிருக்கு பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வருசம். ஒரு வயித்துல பொறந்ததுக இல்ல."

டாக்டரின் முகம் வாடியது. "அப்ப தூக்கிப் போட்டுறலாங்களா?"

"எதுக்கு வாங்குனீங்க?"

எதற்கு என்று அவர் சொன்னார்.

அவர் மனைவி திலகவதி, கல்யாணத்துக்கு முன் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். நாச்சிமுத்து அங்கே படிக்கப் போனார். பாடம் முடிந்ததும் இருவரும் புழு ஆட்டம் ஆடுவார்கள். திரையில் ஒரு புழு ஊரும். புள்ளிகளைத் தின்னத் தின்ன நீளும். சுவரில் முட்டினால் செத்தது. அம்புக்குறிப் பொத்தான்களைத் தட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாச்சிமுத்து ஒருநாளும் ஜெயித்ததில்லை. "பல்லைப் பிடுங்குனா போதுங்களா, புழுவைப் பிடிக்க வேண்டாமா?" என்று அந்த டீச்சர் கேட்ட அன்றே பெண் கேட்கப் போய்விட்டார்.

போன ஆடியில் திலகவதிக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. வலது கை விரல்கள்தான் திரும்பவில்லை. விடாமல் பழக்கினால் வரும், விட்டால் விறைத்துவிடும் என்றார்கள். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. "சின்னப் புள்ளையாட்ட பந்து அமுக்கச் சொல்றாங்க" என்று அழுதார். ஒரே ஒருநாள், "அந்தப் புழு இருந்தாலாவது தொட்டுப் பார்ப்பேன்" என்றார். டாக்டர் அன்றைக்கே உக்கடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

"அப்ப இது தூக்கிப் போடற மெஷின் இல்லீங்க" என்றார் ஃபரீதா.

டாக்டர் வாராவாரம் ஒன்றை மாற்றினார். போர்டை மாற்றினார், பிராசசரை மாற்றினார், மெமரியை ஏற்றினார். முகப்பில் வேகத்தைச் சொல்லும் சிவப்பு எண்கள் இருந்தன. அதில் 66 எரிந்த அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

"குருவே, இன்னும் என்ன ஏத்தலாம்?"

"ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தீங்களா?"

"அவதான் மொதல்ல தொடணும். அவளுக்குப் போயி சோப்ளாங்கி மெஷினையா வெக்கறது?"



அடுத்த ஞாயிறு திலகவதி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்தார். வலது கை முந்தானைக்குள் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையை இடது கையால் தூக்கிப் பொத்தான்களின் மேல் வைத்தார். டாக்டர் ஆட்டத்தைத் தொடங்கினார்.

திரையில் ஏதோ மின்னியது. புழு செத்துக் கிடந்தது.

மறுபடி தொடங்கினார். விரல் அசைவதற்குள் மறுபடி செத்தது. இன்னொரு தரமும் அதேதான்.

திலகவதி கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "கை போச்சுங்க. வீட்டுக்குப் போலாம்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "குருவே, எல்லாமே பெருசாத்தானே போட்டேன்?"

ஃபரீதா மெஷினை அணைத்து மூடியைக் கழற்றினார். முகப்பில் டர்போ என்ற பொத்தானிலிருந்து ஒரு வயர் வந்து, எதிலும் செருகாமல், டேப் சுற்றிக் கிடந்தது.

"இதை ஏனுங்க கட்டி வெச்சீங்க?"

"அது வேகத்தைக் கொறைக்கிற பட்டன். அது யாருக்கு வேணும்?"

"மெஷின் ஓடற வேகத்துக்குத்தானுங்க இந்தப் புழுவும் ஓடும்" என்று ஃபரீதா டேப்பை உரித்து வயரைப் போர்டில் செருகினார். மெஷினைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். 66 போய் 8 வந்தது. புழு திரையில் நிதானமாக ஊர்ந்தது.

திலகவதி அந்த எட்டையே பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எனக்காகக் கொறைச்சுட்டயா கண்ணு? நொண்டிக் கைக்கு நொண்டிப் புழுவா? நான் ஆடமாட்டேன்."

ஃபரீதா மெஷினை மறுபடி அணைத்து, அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த ஜம்பர் என்னும் குட்டிக் குட்டி இணைப்புத் துண்டுகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். போட்டதும் 99 எரிந்தது. புழு அதே நிதானத்தில் ஊர்ந்தது.

"இது ஏமாத்து வேலை" என்றார் திலகவதி.

"ஆமாங்கம்மா. முன்னாடி இருந்ததும் அப்படித்தான். இந்த நம்பர் எதையும் அளக்காது. நாம செருகுனதைக் காட்டும்."

"அப்ப வேகத்தை எதை வெச்சுப் பார்க்கறது?"

"டாக்டர், நீங்க உட்காருங்க" என்றார் ஃபரீதா.

டாக்டர் உட்கார்ந்தார். இரண்டு கையும் நல்ல கை. எத்தனையோ கடைவாய்ப் பல்லை அலுங்காமல் எடுத்த கை. நாலு புள்ளி தின்பதற்குள் புழுவைச் சுவரில் முட்டவிட்டார். இன்னொரு தரம் ஆடினார். புழு தன் வாலையே கடித்துச் செத்தது. அவர் வேண்டுமென்று தோற்கவில்லை. பாவம், அவர் ஆட்டமே அப்படித்தான்.

"ஏனுங்க, மேல திருப்புங்க! மேல! ஐயோ, அங்க எதுக்குப் போறீங்க?" திலகவதி நாற்காலியின் பின்னால் நின்று தவித்தார். மூன்றாவது புழுவும் செத்ததும் அவரால் தாங்க முடியவில்லை. "எந்திரிங்க. தள்ளுங்க!"

முந்தானையிலிருந்து வலது கை தானாகவே வெளியே வந்தது.

முதல் புழு சீக்கிரம் செத்தது. அடுத்ததும் செத்தது. ஆள்காட்டி விரல் பொத்தானைத் தேடித் தேடித் தட்டியது. வலித்தது போலும், உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் எழவில்லை. அதற்கடுத்த புழு ஒரு புள்ளி தின்றது. இன்னொன்று தின்றது. திரும்பியது, நீண்டது, சுவரோரமாக வளைந்து வளைந்து போனது. அறையில் மற்றவர்கள் தங்கள் மெஷின்களை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். விரல் இப்போது தேடவில்லை.

டாக்டரின் புள்ளிக் கணக்கைத் தாண்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கீழே காயில் கட்டுகிறவர்கள் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார்கள். கடைசியில் போக இடமில்லாமல், திரை நிறைந்துதான் புழு செத்தது. டாக்டர் குழந்தையைப் போல அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

திலகவதி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

"நெசமாச் சொல்லு கண்ணு. என்னை எளக்காரமா நெனைச்சுத்தானே கொறைச்சே?"

டாக்டர் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். ஃபரீதா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தப் புழுவை எழுதுனவன் இந்த வேகத்துக்குத்தானுங்கம்மா எழுதுனான். அன்னைக்கும் இன்னைக்கும் அவரு தோத்தது இதே வேகத்துலதான்."

திலகவதி கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஊர் வாயையெல்லாம் திறக்க வைத்த டாக்டர், தன் வாயைத் திறக்கவில்லை.