வெயில் தொடாத மருந்து

"பயமா இருக்கு சாமி. இதை எப்படியாவது எடுத்துடுங்க" என்றாள் செண்பகவடிவு.

சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் அவர் முன்னால் உட்கார்ந்தால் படித்த படிப்பெல்லாம் அவளுக்கு மறந்துபோகும்.

"போன மாசம் மூட்டுவலியை எடுக்கச் சொன்னீங்க. இப்ப பயமா? என்னம்மா ஆச்சு?"

பூச்சிமருந்து ஆராய்ச்சி அவளுக்கு வேலை. வெயில் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடுகிறது. அதனால் மருந்தைப் பாலிமர் உறைக்குள் வைத்து மூடியிருந்தாள். கண்ணுக்கே தெரியாத நானோ உருண்டைகள். முந்தாநாள் சாயங்காலம் மாரப்பன் தோட்டத்து வெண்டையில் அடித்துப் பார்த்தார்கள்.

"புழு சாகலையா?"

"செத்துச்சு சாமி."

"அப்புறம் என்ன?"

"மாரப்பண்ணன் நாளைக்குக் காய் பறிக்கிறார். மருந்தடிச்சு ரெண்டு வெயில் காஞ்சா பறிச்சிடுறது அவங்க வழக்கம். விஷத்தை வெயில் தின்னுடும்னு ஒரு நம்பிக்கை."

"இந்த மருந்தை?"

"தின்னாது சாமி. தின்னக் கூடாதுன்னுதானே உறை போட்டேன்."

"அவர்கிட்ட சொல்லலையா?"



"சொன்னா அவர் சோதனைக்கு நிலம் தரமாட்டார், வாயைத் திறக்காதேன்னு பெரிய ஆபீசர் சொல்லிட்டார். அந்தக் காயை எந்த வீட்டுப் பிள்ளைங்க தின்னப்போகுதோ! நேத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. கண்ணை மூடிச் சாமி கும்பிட்டாலும் வெண்டைக்காய்தான் தெரியுது."

சாமி அவளுடைய பையைப் பார்த்தார். சோதனைக்காக அந்தத் தோட்டத்தில் பறித்துவந்த காய்கள் மேலேயே தெரிந்தன.

ஒன்றை எடுத்தார். நுனியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது.

"நல்ல பிஞ்சு."

வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயோ, வேண்டாம்!"

அவள் அடித்த அடியில் காய் சுவரோரம் போய் விழுந்தது. சாமியின் மணிக்கட்டு சிவந்துவிட்டது. குருவையே கைநீட்டி அடித்துவிட்டோமே என்று அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சாமி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

"பெரிய ஆபீசரைக் கேட்காமலே அடிச்சிட்டீங்களேம்மா."

சொல்லிவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.

அவள் சுவரோரம் கிடந்த காயை எடுத்துப் பைக்குள் போட்டாள். பிறகு செல்போனை எடுத்தாள்.

"மாரப்பண்ணே, நாளைக்குக் காயைப் பறிக்காதீங்க."

"என்ன மேடம், ஆளுக்கெல்லாம் சொல்லியாச்சு! ரெண்டு வெயில் பட்டாச்சே?"

"செடி மேல பட்டுச்சுண்ணே" என்றாள். "மருந்து மேல படல."