முழிக்க வைக்கும் வேர்

செங்கரட்டு ஜமீன்தார் நியாயம் கேட்க உட்கார்ந்தால், வாதி வாயைத் திறக்குமுன் அவர் கொட்டாவி விடுவார். பிரதிவாதி பேசும்போது குறட்டையே வந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்டு ஏகாம்பர வைத்தியர், தூக்கத்தை விரட்டும் சீன தேசத்து ஜின்செங் வேர் என்று சொல்லி மூன்று சாடிகளோடு வந்து இறங்கினார். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. "நாக்குல பட்டாப் போதும், எது எந்தச் சாடின்னு சொல்லிப்புடுவேன்!" என்று மார்தட்டினார்.

ஜமீன்தார், அரண்மனையில் மருந்து இடிக்கும் வெள்ளைத்தாயைக் கூப்பிட்டார். "ஏ பிள்ளே, இதுல எனக்கு ஒண்ணைத் தேர்ந்தெடு. அது ஆளை முழிக்க வைக்கிறதை என் கண்ணால நான் பாக்கணும். இல்லேன்னா உலக்கையைத் தூக்கிக்கிட்டு ஊரைவிட்டுப் போயிரு."

ஜின்செங்கை அவள் கனவிலும் கண்டதில்லை. ஆனாலும் "சரிங்க எசமான்" என்று மருந்தறைக்குப் போய், இலையில் ஒரு பொடியோடு வந்தாள். "முதல்ல வைத்தியரய்யா ருசி பாத்து, இது எந்தச் சாடின்னு சொல்லட்டும்."

வைத்தியர் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். "ஆகா! சிவப்புச் சாடி! இனி மூணு நாளைக்கு எனக்கு இமை ஒட்டாது!"

"ஐயா, இது நம்மூரு அமுக்கராக் கிழங்கு. தூக்கம் வராத அரண்மனைப் பெரியம்மாவுக்கு நான்தான் தினமும் பால்ல கலக்கிக் குடுக்கேன்."

சபை கொல்லென்று சிரித்தது. வைத்தியர் திருதிருவென்று முழித்தார்.

வெள்ளைத்தாய் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "தேர்ந்தெடுத்தாச்சு எசமான். நீங்களே பாத்துக்கிடுங்க, ஆளை எப்பிடி முழிக்க வைக்குதுன்னு!"