பூச்சி தின்ற சுரம்

எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள் பிள்ளைகளா, தாழையூரை ஒரு ராஜா ஆண்டான் என்பது மட்டும் நிச்சயம். அங்கே முதல் மழை இறங்கும் நாளில் சபையில் ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். அதைப் பாடி வந்த பெரியவர் கண்ணை மூடினார். இரண்டு சீடர்கள் மிஞ்சினார்கள்.

ஒருத்தி வடிவாயி. எழுத்து வாசனை கிடையாது. குரு பாடப் பாடக் காதில் வாங்கியே கற்றவள். மற்றவன் வெண்காடன். அவனுக்கு ஓலையும் எழுத்தாணியும் வேண்டும். சுரம் சுரமாகக் கீறி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பாடுவான். அதிலும் தப்பில்லை, அவரவர் வழி.

ராஜா சொன்னான்: "இருவரும் பாடுங்கள். ஜெயித்தவருக்குச் சபை. தோற்றவர் இந்த ஜென்மத்தில் பாடக் கூடாது. பாடினால் தலை போகும்."

பாட்டைத் தவிர வடிவாயிக்கு என்ன இருந்தது?

மூன்று பண்டிதர்கள் வெண்காடனின் ஓலையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். வடிவாயி பாடினாள். ஓரிடத்தில் பெரிய பண்டிதர் கையைத் தூக்கினார்.

"நில்லு! ஏட்டில் இல்லாத சுரத்தைச் சேர்க்கிறாய்."

மறுபடி பாடினாள். மறுபடி கை. மூன்றாம் தடவையும் கை.

அவள் எழுந்து போய் ஓலையை எட்டிப் பார்த்தாள்.

"சாமி, எனக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டை தெரியும். இது பூச்சி தின்ன இடம்!"

சபை கொல்லென்று சிரித்தது.

"படிக்காதவளுக்கு ஏட்டைப் பற்றி என்னடி பேச்சு? ஏடு மௌனமாக இருந்தால் நாமும் மௌனமாக இருக்க வேண்டும்" என்றார் பண்டிதர்.

வடிவாயி திரும்பினாள். "அண்ணே, எழுதினது உன் கைதானே? அங்க என்ன எழுதினே, நீயே சொல்லு."

தான் எழுதியது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஏட்டில் உள்ளதுதான் தங்கச்சி."

பிறகு அவன் பாடினான். ஓட்டை வந்த இடத்தில் மூச்சைப் பிடித்துச் சும்மா நின்றான். "ஆகா!" என்றார்கள் மூன்று பண்டிதர்களும். சபை வெண்காடனுக்குப் போனது, வடிவாயியின் வாய்க்குப் பூட்டு விழுந்தது.

பூச்சி ஓய்வெடுக்குமா? ஓர் ஓட்டை மூன்றானது, மூன்று முப்பதானது. புது ஓலையில் எழுதலாமே என்றால், பழைய ஏட்டை மாற்றுவது பாவம் என்றார்கள். வருஷா வருஷம் பாட்டுக் குறைந்தது, தலையாட்டல் கூடியது. "அந்த மௌனம் இருக்கிறதே, அடடா!" என்று சப்புக்கொட்டினார்கள்.

இருபதாம் வருஷம் ஓலை பொடிப் பொடியாக உதிர்ந்தது. வெண்காடன் சபையில் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஓலையைப் பார்க்காமல் அவன் ஒரு நாளும் பாடியதில்லையே!

ஓடினான். ஊர்க்கோடியில் நெல் குத்திக்கொண்டிருந்த வடிவாயியின் காலில் விழுந்தான்.

"தங்கச்சி, அன்னைக்கு நான் வாயை மூடினது பெரிய பாவம். ஒரே ஒரு தடவை பாடும்மா."

"தலைக்குப் பயந்து இருபது வருஷம் முணுமுணுக்கக்கூட இல்லையே அண்ணே" என்றாள். இருந்தும் உலக்கையைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிப் பாடிப் பார்த்தாள். அரை அடி வந்தது. அதற்கு மேல் ஞாபகத்தில் வரவில்லை. மறுபடி பார்த்தாள். அந்த அரை அடிதான்.

"போச்சு அண்ணே. நீ போ" என்றாள்.

எழுதி வைப்பது குற்றமில்லை. எழுத்துக் கெட்டுப்போனது தெரிந்தும் வாய் மூடி நிற்கிறவன், பாட்டையும் கொல்கிறான், பாடுகிறவளையும் கொல்கிறான்.