கரிச்சான் பிடுங்கிப் போட்ட நடு இறகு

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்தக் கிளையில் யார் கூடு கட்டலாம் என்று பிரித்துக் கொடுக்கும் பதவி பருந்திடம் இருந்தது. பதவியில் இருப்பவர்கள் கை நீட்டாமல் இருக்கிறார்களா என்று கவனிக்கும் வேலை கரிச்சானுக்கு. அந்தக் கறுப்புக் குருவிக்கு எவ்வளவு பெரிய வேலை பாருங்கள். ஆனால் அப்போது அதற்கு நீண்டு நிறைந்த வால் இருந்தது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காரியமாக வருபவரிடம் பதவியில் இருப்பவர் ஒரு பருக்கைகூட வாங்கக் கூடாது. வாங்கினால் வால் இறகைப் பிடுங்க வேண்டும். பறவைகள் கூடும் சபையில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே கரிச்சான்தான்.

ஒரு நாள் புறா அழுதுகொண்டு வந்தது. முட்டையிடும் நேரம், கூடு கட்டப் பத்திரமான கிளைக் கவடு ஒன்று கேட்டால், முதல் குஞ்சைத் தனக்குத் தர வேண்டும் என்கிறதாம் பருந்து. வேலியே பயிரை மேய்ந்தால் புறா எங்கே போகும்? மறுநாளே சபையில் விசாரிப்பதாகக் கரிச்சான் சொல்லி அனுப்பியது.

அன்று மாலை கரிச்சான் வெளியே போயிருந்த நேரம், பருந்தின் கூட்டாளியான காகம் வாய் நிறைய ஈசலோடு வந்தது. குஞ்சு பொரித்த வீட்டுக்கு வெறுங்கையோடு வரலாமா என்றது. உள்விஷயம் தெரியாத பெட்டைக் கரிச்சான் மரியாதைக்கு வாங்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டது. திரும்பி வந்து விஷயத்தைக் கேட்ட கரிச்சானுக்கு இரையே இறங்கவில்லை.

மறுநாள் சபையில் பருந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. கரிச்சான் வாயைத் திறந்தால் ஈசல் சங்கதியை எடுத்துவிடலாம் என்று அதற்கு எண்ணம். கரிச்சான் நடுவில் வந்து நின்றது.

"நேத்து என் வீட்டுல பருந்து அண்ணன் தரப்பு ஈசலைத் தின்னுட்டோம். தெரியாமத்தான் நடந்தது, ஆனாலும் தப்பு தப்புதான். இந்த வழக்கை இனி நான் விசாரிக்கக் கூடாது. சபையே விசாரிக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தன் வாலின் நடு இறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டது. அந்த வாலை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

பருந்திடம் எடுத்துவிட இனி எதுவும் இல்லை. புறா நடந்ததைச் சொன்னது. சபை பருந்தின் பதவியைப் பறித்தது. புறாவுக்குக் கரிச்சானின் மரத்திலேயே ஒரு கவடு கிடைத்தது.

"அண்ணே, உங்க வாலு..." என்று இழுத்தது புறா.

"போகட்டும் தாயி. மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல."

அன்று முதல்தான் கரிச்சானின் வால் நடுவே பிளந்திருக்கிறது. அத்தனை பெரிய பருந்தை அந்தச் சின்னக் குருவி துரத்திக்கொண்டு போவதை வயல் பக்கம் போனால் பார்க்கலாம். பருந்து திரும்பிக்கூடப் பார்க்காது. கரிச்சான் குடியிருக்கும் மரமாகத் தேடித்தான் இன்றும் புறா முட்டையிடுகிறது.