உடும்பு விட்ட தேங்காய்

அல்லிக்குளத்துக் கரையில் விலங்குகளின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு ரக்பி அணியும் இருந்தது. உரிக்காத தேங்காய்தான் பந்து. அதைக் கட்டிக்கொண்டு ஓடி, எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி.

காட்டுப்பன்றிதான் அணித்தலைவன். முயல் நல்ல ஓட்டக்காரி. ஆனால் தேங்காயைச் சுமக்க உடும்பை விட்டால் வேறு ஆளில்லை. உடும்பு பிடித்தால் பிடித்ததுதான்! அதன் கையிலிருந்து பிடுங்க இன்னும் ஒருவன் பிறக்கவில்லை.

அப்படியானால் ஜெயித்துத் தள்ளியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! அந்தப் பருவத்தில் மொத்தம் ஆறு ஆட்டம். ஐந்தில் தோற்றாயிற்று. ஐந்துக்கும் காரணம் அந்தப் பிடிதான்!

ரக்பியில் ஒரு சட்டம் உண்டு. பந்தோடு ஓடுபவனை எதிரி மடக்கி வீழ்த்தினால், விழுந்தவன் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். அதன்பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விடாமல் கட்டிக்கொண்டு கிடந்தால் அது தப்பாட்டம். பந்து எதிரிக்குப் போய்விடும்.

நம் உடும்புக்கு விடத் தெரியுமா? ஒவ்வொரு ஆட்டத்திலும் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து விழும். கண்ணை இறுக மூடிக்கொள்ளும். தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். “விடுடா, விட்டுத் தொலைடா!” என்று பன்றி பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தும். நடுவர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடியே ஊதலை ஊதிவிடும்.

ஐந்தாவது தோல்வி முடிந்ததும் தலைமையாசிரியர் மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

“அடுத்த ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவேன். திடலை உழுது கடலை போடப்போகிறேன். அதுவாவது நாலு பேர் வயிற்றுக்கு ஆகும்!” என்றார்.

சொன்னதோடு விட்டாரா? விதைக்கடலை மூட்டையும் வந்து இறங்கிவிட்டது.

உடும்புக்கு அன்று சோறு இறங்கவில்லை. அணியில் சேரும்வரை அது பொந்தே கதி என்று கிடந்தது. யாரும் அதனோடு பேசியதில்லை. பன்றிதான் ஒருநாள், “வாடா மச்சான், ஒரு ஆள் குறையுது!” என்று கூப்பிட்டது. அணியே போய்விட்டால் அப்படிக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? அதை நினைத்து நினைத்து உடும்பு அழுதது.

கடைசி ஆட்டம் நரிமேட்டுப் பள்ளியோடு. ஆட்டம் தொடங்குமுன் புதருக்கு அந்தப் பக்கம் நரிகள் பேசுவது உடும்பின் காதில் விழுந்தது.

“உடும்பு வந்தா பயப்படாதீங்கடா! தள்ளி மட்டும் விடுங்க. மீதியை அதுவே பாத்துக்கும்!”

நரிகள் விழுந்து விழுந்து சிரித்தன. உடும்புக்கு முகம் செத்துப்போனது. நேரே முயலிடம் போனது.

“எனக்கு விடணும்னுதான் இருக்கு. ஆனா விட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானேன்னு பயமா இருக்கு!”

“எவனாவதா? அப்போ நாங்க எதுக்கு இருக்கோம், வேடிக்கை பாக்கவா?” என்று முயல் சீறியது. “விழுந்ததும் கண்ணை மூடிக்கிறியே, அதான் உனக்கு வந்த வினை. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்!”

ஆட்டம் தொடங்கியது. புழுதி பறந்தது. புள்ளி சமம். ஒரு நிமிடம்தான் பாக்கி. அப்போது தேங்காய் உடும்பின் கைக்கு வந்தது!

உடும்பு ஓடியது. இரண்டு நரிகள் காலைப் பிடித்து இழுத்தன. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் தொப்பென்று விழுந்தது. நரிகள் தேங்காயைத் தொடக்கூட இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊதல் சத்தத்துக்குக் காத்து நின்றன. கொக்கும் ஊதலை அலகுக்குக் கொண்டுபோனது.

உடும்பு கண்ணை மூடப்போனது. மூடவில்லை. திரும்பிப் பார்த்தது.

அடேயப்பா! மூச்சிரைக்கப் பன்றி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் முயல். அவர்களுக்குப் பின்னால் மொத்த அணியும்! ஐந்து ஆட்டமும் இவர்கள் இப்படித்தான் ஓடி வந்தார்களா?

நகங்கள் தேங்காய் மட்டையில் ஆழப் பதிந்திருந்தன. உடும்பு பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றைப் பிடுங்கியது. தேங்காய் மெல்லப் பின்னால் உருண்டது.

“விட்டுட்டான்டா! அய்யோ, விட்டுட்டான்!” என்று நரிகள் அலறின. அலறி என்ன பயன்? பன்றி குறுக்கே விழுந்து நரிகளைத் தடுத்தது. முயல் தேங்காயை அள்ளிக்கொண்டு ஒரே தாவாகத் தாவிக் கோட்டுக்கு அப்பால் வைத்தது. ஐந்து புள்ளி!

ஆறு ஆட்டத்தில் ஒரு வெற்றி. பட்டியலில் கடைசி இடம்தான். அதனால் என்ன? மயில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அந்தக் கடலை மூட்டையை எடுத்துப் போய் வறுங்கள். பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள்!” என்றார்.

எல்லாரும் உடும்பைத் தூக்கிப் பன்றியின் முதுகில் ஏற்றினார்கள். விழுந்துவிடுவோமோ என்று உடும்பு பன்றியின் காதை இறுகப் பற்றிக்கொண்டது.

“டேய் மச்சான், அதையும் விடுடா!” என்று பன்றி கத்த, திடலே சிரித்தது.

விடாமல் பிடிப்பது பலம்தான் என்றாலும், உடன் வருபவர்களை நம்பி, விடவேண்டிய நேரத்தில் விடுவதே வெற்றியைத் தரும்.